பதினேழாவது பெட்டி

பதினேழாவது பெட்டி காலியாக இருக்கவில்லை.

நஸ்லியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளியே பேராதனை மழை தகரக் கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் சாத்திவைத்த ஈரக் குடைகளின் வாடையும், சூடேறிய பழைய கம்ப்யூட்டர்களின் தூசி வாடையும் கலந்து லேபுக்குள் தேங்கி நின்றன. அன்றைய பயிற்சி சின்னதுதான். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் வரிசையாகப் பதினாறு பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பெட்டிக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். பிறகு நினைவகத்தை அப்படியே திறந்து காட்டும் திரையில் அது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அவள் பெயரின் ஏழு எழுத்தும் சரியாக விழுந்திருந்தன. மிச்ச ஒன்பது பெட்டியும் பூச்சியம். அதற்கும் அப்பால், அவளுக்குச் சொந்தமில்லாத இடத்தில், அவள் எழுதாத ஒன்பது எழுத்துகள் இருந்தன.

தர்ஷிகாவின் பெயர்.

தர்ஷிகா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். விரிவுரையாளர் மயில்வாகனம் சேரின் லேபில் பரீட்சைப் புள்ளி வரிசைப்படிதான் இருக்கை. ஜன்னலோரக் கதிரை முதலாவது ஆளுக்கு. இரண்டு வருடமாக அங்கே தர்ஷிகா. அடுத்ததில் இரண்டு வருடமாக நஸ்லியா. அதற்கடுத்து யுகேஷ். படிப்பு முடிகையில் ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு இதே லேபில் வேலை. ஒருவருக்கு மட்டும். நஸ்லியாவோ தான்தான் முதலாவது என்று வீட்டில் எப்போதோ சொல்லிவிட்டாள். உம்மா அதைக் கட்டுகஸ்தோட்டை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

"கம்ப்யூட்டருக்கு மரியாதை தெரியாது பிள்ளையள்," என்று சேர் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கட பெட்டி பதினாறு. பதினேழாவதில கை வைச்சா, இது ஆற்ற பெட்டியெண்டு அது கேக்காது. எழுதிவிடும்."

தர்ஷிகா குனிந்து, "நஸ்லி, விளங்கலன்னா என் கொப்பிய எடுத்துக்கங்க. நான் புசல்லாவை பஸ்ஸுலயே படிச்சிட்டேன்," என்றாள்.

இதுதான் நஸ்லியாவுக்குப் பொறுக்காது. கெட்டவளாக இருந்து தொலைத்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். இவள் ஒளிக்காமல் கொப்பியைத் தருவாள், சிரிப்பாள், பஸ்ஸில் நின்றுகொண்டே படித்ததை வைத்து முதலாவதாக வருவாள். நஸ்லியா விடிய எழும்பிப் படித்தும் இரண்டாவது. வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல், நன்றாகவே எரிந்தது.

அவள் அம்புக்குறியைப் பதினேழாவது பெட்டிக்குக் கொண்டுபோனாள். ஓர் எழுத்தை அழிக்க இரண்டு தட்டு. பூச்சியம். இன்னொரு பூச்சியம். முதல் எழுத்து அழிந்தது.

"சேர், அந்த..." என்று கேள்வி கேட்க எழுந்த தர்ஷிகா பாதியில் நின்றாள். எதைக் கேட்க வந்தோம் என்று தேடுகிறவளைப் போல நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தற்செயல் என்று நஸ்லியா சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அடுத்ததையும் அழித்தாள். மூன்றாவதில் தர்ஷிகாவின் பேனா கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. ஐந்தாவதில் அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதில், "நஸ்லி, நான் எங்க போகணும்?" என்று மிக மெதுவாகக் கேட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நஸ்லியாவுக்கு அது தெரியும். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மிச்ச இரண்டையும் அழித்தாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலோரக் கதிரை காலியாக இருந்தது. கொப்பி இல்லை. மூலையில் ஒரு குடை குறைவு.

"நஸ்லியா, நீர் ஏன் அந்தக் கதிரையில?" என்றார் சேர், எரிச்சலாக. "முதலாவது ஆள் ஜன்னலோரம் எல்லோ இருக்கவேணும்."

ஒருவரும் எதையும் கேட்கவில்லை. நஸ்லியா எழுந்து மாறி உட்கார்ந்தாள். கதிரை இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை உம்மா சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வைத்தாள். திங்கட்கிழமைகளில் எப்போதும் இரண்டு கிண்ணம் வைப்பாள், இரண்டாவது தர்ஷிகாவுக்கு.

"மத்தது எங்க உம்மா?"

"மத்ததா? யாருக்கு?" உம்மா உண்மையாகவே விளங்காமல் பார்த்தாள். நஸ்லியா மூடியை இறுக்கிக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் அழுகை வந்தது. ஆனாலும், இனி உம்மாவுக்குச் சொன்னது பொய்யில்லை என்ற நினைப்பில், அழுகைக்கு நடுவிலும் உள்ளுக்குள் இனித்தது.

அன்று பிற்பகலும் மழை. அதே லேப். யுகேஷ் இப்போது இரண்டாவது கதிரையில். போன கிழமை அவன் முடிக்காமல் விட்ட பயிற்சியைத் திறந்திருந்தான். பெட்டியும் பெயரும்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கமாகக் குனிந்தான். பிறகு தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் மட்டும் நஸ்லியாவைப் பார்த்தான்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

"யுகேஷ்," என்றாள். "யுகேஷ், வேணாம்."

அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. விசைப்பலகையில் சத்தம் கேட்டது. டக். டக்.

எதற்காக அவனைக் கூப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது. ஏதோ பயம். பயம் மட்டும் மிச்சம். டக், டக். மேசையில் ஒரு கொப்பி. அட்டையில் பெயர் இல்லை. யாருடையது? டக், டக். ஃபோனை எடுத்தாள். அதில் மிச்சமிருந்த ஒரே நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ?"

"உம்மா... நான்... நான்..." பெயர் வரவில்லை. நாக்கின் மேல் அந்த இடம் வெறுமையாக இருந்தது. டக், டக்.

"யாரு பேசுறீங்க?" உம்மாவின் குரல்தான். அன்பான, அந்நியமான குரல். "நம்பர் மாறி எடுத்திருக்கீங்க போல மகள். எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல."

டக், டக்.

"நான் எங்க போகணும்?" என்று கேட்டாள், யாரிடமோ.

யுகேஷ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் இன்னும் இரண்டு எழுத்து மிச்சமிருந்தது. அவன் விரல் பூச்சியத்தின் மேல் இருந்தது.