செவ்வாய்க்கிழமை முறைப்பாடு

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, ஹம்சி. சத்தியம் பண்ணும்!”

“சத்தியம்.”

“அம்மாவுக்கு?”

“மாமிக்கா? அவாவுக்குச் சொல்லிப்போட்டு நான் எங்க போய் இருக்கிறது? சொல்லமாட்டன்.”

“பகிடி விடாதையும். அவாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. பிள்ளை பிறக்கட்டும். பிறகு நானே சொல்லுறன்.”

“அதுவரைக்கும் நான் மலடியோ?”

ராகுலன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு நடந்த பேச்சு அது.

இன்று அந்தக் கன்னம் பிரேத அறையில் குளிர்ந்து கிடந்தது!

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, அந்த வீட்டுக் குளியலறையில் ராகுலன் விழுந்து கிடந்தான். வாயெல்லாம் இரத்தம்... சட்டையெல்லாம் இரத்தம்... வயது முப்பத்தைந்து!

ஹம்சிகா போட்ட சத்தத்தில் கட்டடமே விழித்துக்கொண்டது.

எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கினாள் அவன் தாய் பத்மாவதி. மகனைப் பார்த்து நெஞ்சில் அடித்து அழுதாள். அழுத முகத்தோடேயே பொலிசுக்குப் போனாள்.

“என்ர பிள்ளைக்கு இவள்தான் நஞ்சு வைச்சவள்! நாலு மாசம் எண்டு வயித்தைத் தள்ளிக்கொண்டு திரியிறாளே... அது அவன்ர பிள்ளை இல்லை! அவனுக்குத் தெரியவந்திட்டுது. முடிச்சுப்போட்டாள்!”

அதோடு விட்டாளா? வவுனியாவுக்கும் போன் எடுத்து, ஹம்சிகாவின் அம்மாவிடம் அதையே சொன்னாள்.

அன்றிலிருந்து ஹம்சிகாவின் அம்மா மகளின் அழைப்பை எடுக்கவேயில்லை. பதினேழு தடவை ஹம்சிகா முயன்றுவிட்டாள். மணி அடிக்கும்... அடித்து ஓயும்...

வியாழக்கிழமை நடுப்பகல் வீட்டு மணி ஒலித்தது.

இன்ஸ்பெக்டர் ஹமீட்!

“உள்ளுக்கு வரலாமா, தங்கச்சி? இந்த மூணு மாடியும் ஏறினா கள்ளனப் புடிக்கப் பொலிசுக்கு மூச்சு ஈக்காது.”

யாரும் சிரிக்கவில்லை. மூலைக் கதிரையில் பத்மாவதி உட்கார்ந்திருந்தாள். மருமகளோடு ஒரு சொல் பேசாமல், மகனின் வீட்டை விட்டுப் போகவும் மனமில்லாமல் மூன்று நாளாக அங்கேயே இருந்தாள்.

ஹமீட் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

“மேல்வீட்டு ஷெரோமி ஒரு கத சொன்னா. காலையும் பின்னேரமும் இந்த வீட்டுல அடிக்கிற சத்தம் கேக்குமாம். தொம்... தொம்... எண்டு. ஆரு ஆருக்கு அடிச்ச?”

“நான்தான் அவருக்கு.”

பேனை நின்றது.

“அடிச்சீங்களா?”

“முதுகில தட்டினனான், சேர். அவருக்குப் பிறப்பிலேயே சிஸ்டிக் பைப்ரோசிஸ் எண்டு ஒரு வருத்தம். நெஞ்சுச்சளி பசை மாதிரி ஒட்டியிருக்கும். தட்டித்தான் இறக்கோணும். கலியாணம் பேசேக்க வெறும் முட்டு, இழுப்பு எண்டுதான் சொன்னவை. ஏழு வருசமா தட்டினனான்.”

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவற்றுக்கு வேலை இல்லை.

“இப்ப கேக்கப் போறது கொஞ்சம் கஷ்டமான கேள்வி...” ஹமீட் குரலைத் தாழ்த்தினார். “சட்ட வைத்திய அதிகாரிட அறிக்கை வந்தீக்கி. விந்து வெளிய வாற குழாய் ரெண்டும் ஒங்கட மாப்பிளைக்குப் பிறப்புலயே இல்ல. இந்த வருத்தம் ஈக்கிற ஆம்பளயள்ல அநேகம் பேருக்கு இப்பிடித்தானாம். அப்ப... வயித்துல ஈக்கிற புள்ள?”

“கேட்டியளோ!” பத்மாவதி துள்ளி எழுந்தாள். “டொக்டரே சொல்லிட்டார்! எடியே, ஏழு வருசம் மலடியா இருந்தவளுக்கு இப்ப மட்டும் எங்க இருந்தடி வந்தது? என்ர மோன்ர பேரை அதுக்கு வைக்க விடமாட்டன்! செத்தாலும் விடமாட்டன்!”

ஹம்சிகாவின் முன்னால் அந்தச் சத்தியம் வந்து நின்றது. சொன்னால் அவனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால்... அவனுடைய பிள்ளை அப்பன் பேரில்லாத பிள்ளை!

‘என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ராகுல்...’

எழுந்தாள். அலுமாரியைத் திறந்தாள். கூறைச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு நீல ஃபைலை உருவி, ஹமீட்டின் மடியில் வைத்தாள்.

“வாசியுங்கோ, சேர். ஒவ்வொரு பக்கத்திலயும் அவர்ர கையெழுத்து இருக்கு.”

“என்ன இது?”

“ரெண்டு வருசத்துக்கு முதல்தான் எங்களுக்கே தெரியும். விந்து உள்ளுக்கு உருவாகுது, வெளிய வர வழிதான் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். பிள்ளைக்கு மூண்டு வழி காட்டினவர். ஊசியால எடுத்து என்ர முட்டையோட லாப்பில சேர்க்கிறது ஒண்டு. இன்னொருத்தர் தானமாத் தாற விந்து ஒண்டு. தத்தெடுக்கிறது ஒண்டு. ‘எப்பிடி வந்தாலும் நான்தான் அப்பா, நீர் சொல்லும்’ எண்டார். நான்தான் ஊசி எண்டனான்.”

“ஏன் தங்கச்சி?”

“அவர்ர மூக்கு வேணும் எண்டு...”

சொல்லி முடிக்குமுன் அவள் முகம் கோணிக்கொண்டது. மூன்று நாளில் முதல் முறையாக உடைந்து அழுதாள்.

“என்ர இரத்தத்தையும் சோதிச்சுப் பாத்தவை. பிள்ளைக்கு இந்த வருத்தம் வாறதுக்கு இடம் நல்லாக் குறைவு எண்டவை. ரெண்டு தரம் சரிவரேல்லை. மூண்டாம் தரம்தான் தங்கினது. ஸ்கான் படத்தைப் பேர்சுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சவர், சேர்...”

ஹமீட் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஃபைலை மூடினார். ஆனால் எழுந்து போகவில்லை!

பத்மாவதி பக்கம் திரும்பினார்.

“அம்மா, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.”

“என்ன?”

“நீங்க முறைப்பாடு போட்டது செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு.”

“ஓம்.”

“பிரேத பரிசோதனை புதன்கிழமை. அறிக்கை என்ட கையில வந்தது நேத்துப் பின்னேரம்.”

“அதுக்கு?”

“மகனுக்குப் புள்ள வராதெண்டு செவ்வாய்க்கிழமையே ஒங்களுக்கு ஆரு சொன்ன?”



பத்மாவதி கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். 

“எத்தன வருசமாத் தெரியும், அம்மா?”

“...அவன்ர பதினாலு வயசில இருந்து.” கதிரைப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். “சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினனான். அங்கத்தை டொக்டர் என்னை மட்டும் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர்... இயற்கையாப் பிள்ளை வராதெண்டு. ஊசி, லாப் எண்டு ஒண்டும் எனக்குத் தெரியாது, ஐயா. பிள்ளை வராது எண்டது மட்டும்தான் காதில விழுந்தது. அவனுக்குச் சொல்லேல்லை. உடைஞ்சு போயிடுவான் எண்டு...”

ஹம்சிகா மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அவரும் அதைத்தான் சொன்னவர், மாமி. அம்மாவுக்குச் சொல்லாதையும், உடைஞ்சு போயிடுவா எண்டு.”

தாய் மகனுக்கு மறைத்தாள்... மகன் தாய்க்கு மறைத்தான்... இருவர் மறைத்ததும் ஒன்றேதான்! நடுவில் நின்ற ஒருத்தி ஏழு வருடம் மலடிப் பட்டம் சுமந்தாள்.

“கொலை இல்ல,” என்றார் ஹமீட் மெதுவாக. “நெஞ்சுக்குள்ள இரத்தக்குழாய் வெடிச்சீக்கி. இந்த வருத்தத்துல அப்பிடி நடக்குமாம். நஞ்சு எண்டு ஒண்டும் இல்ல. நேத்தே எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குப் பதில் கேக்கத்தான் இண்டைக்கு வந்த.”

பத்மாவதி நீல ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். மகனின் கையெழுத்தைத் தொட்டாள். பக்கம் பக்கமாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

“அப்ப... இது... அவன்ர...?”

“ஓம், மாமி. அவர்ர.”

“பிள்ளை... நான் உனக்கு என்னடி செய்ய? என்ன வேணுமெண்டாலும் கேள்...”

ஹம்சிகா கண்ணைத் துடைத்தாள். இரண்டு வருடம் நெஞ்சுக்குள் கிடந்த ஒன்று. கணவனிடம் கேட்டால் நொந்துபோவான் என்று விழுங்கிய ஒன்று.

“என்ர அம்மாவுக்குப் போன் எடுங்கோ, மாமி. நான் எடுத்தா அவா எடுக்கிறா இல்லை. பிள்ளை ராகுலன்ரதான், ஹம்சிகா மலடி இல்லை, ஒருநாளும் மலடியா இருக்கேல்லை, அது முதல்ல இருந்தே எனக்குத் தெரியும் எண்டு... உங்கட வாயால சொல்லுங்கோ.”

பத்மாவதி இலக்கத்தை அழுத்தினாள். மறுமுனையில் “ஹலோ...” என்றது வவுனியா. இவளுக்கோ காற்றுத்தான் வந்தது.

ஹமீட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“சத்தமாச் சொல்லுங்க, அம்மா! செவ்வாய்க்கிழமை நீங்க போட்ட சத்தம் ஸ்டேஷன் தாண்டி மீன் சந்தை வரைக்கும் கேட்டிச்சு... இது வவுனியாவுக்காவது கேக்க வாணாமா?”