எழாத மணிக்கட்டு

மழை தன் கடமையை நிறைவேற்றி விடைபெறும் காலம் அது. கார்த்திகையில் கால்கொண்ட வடகிழக்குப் பருவம் மார்கழி முழுதும் மலாயாவின் குளுவாங் வட்டாரத்தை நீராட்டியது. தை பிறந்த பின்னும் முற்றாக நீங்க மனமின்றி லம்பாக் மலையின் தோளில் வெண்துகிலெனப் படிந்து நின்றது. ரப்பர்ப் பால்மரங்கள் இலைநுனிதோறும் ஒரு துளியைத் தாங்கி, காற்று வந்து கேட்கும்வரை விடாது காத்தன. செம்மண் பாதை நெகிழ்ந்திருந்தது; சுவர் வியர்த்தது; சிமெண்டுத் தரையில் வைத்த கால் சில்லிட்டது. அந்த ஈரத்தினூடேதான் ஆண்டுதோறும் வேலவன் திருநாள் வரும். அவன் வருகிறான் என்பதனாலோ என்னவோ, அன்று வெள்ளிக்கிழமை, வானமும் வாயடங்கி இருந்தது.

1936ஆம் ஆண்டு. புக்கிட் செம்பாக்கா தோட்டத்து முருகன் கோயிலில் மாலை ஆறு மணிக்குக் கொடியேற்றம். பத்தாம் நாள் தேர். இவ்வாண்டு அத்தோட்டத்துக்கு ஒரு தனிப்பெருமை வாய்த்திருந்தது. இதுவரை சிங்கப்பூரிலிருந்து மேளம் வரும். இம்முறை, அந்த மண்ணிலேயே பிறந்து, விடியலில் மரம் சீவி, மாலையில் தவில் பழகித் தேர்ந்த அய்யாவுதான் வாசிக்கவேண்டும் என்று கோயில் கூட்டம் முடிவு செய்திருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான நான்கு லயங்களிலும் அதுவே பேச்சு.

பிற்பகல் மணி நான்கு பத்து.

இரண்டாம் தவில் வாசிக்கும் காளியப்பன், கோயிலை ஒட்டிய வாத்திய அறைக்குள் நுழைந்து, பாயில் உறங்கிய அய்யாவுவின் தோளை உலுக்கினான்.

"அண்ணே! எழுந்திரிங்க லா. கொடிக்கு நேரமாச்சு."

அய்யாவு பெருமூச்செறிந்து வலக்கையை ஊன்றினார். ஊன்றிய கை மடிந்தது. அதை முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். முழங்கை உயர்ந்தது, மணிக்கட்டு முறிந்த தாமரைத் தண்டுபோல் கவிழ்ந்து தொங்கியது. விரல்கள் விரியவில்லை.

"காளி," என்றார் மெல்ல. "என் கை எங்கடா?"

நான்கு இருபத்தைந்து.

தோட்டத்து மருத்துவமனையில் மருத்துவம் பார்க்கும் உதவியாளரான டிரசர் அம்பிகைபாகன் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தவர், வெள்ளைக் காற்சட்டையின் மடிப்புக் கலையாதவர், தாம் அறியாத மருத்துவம் எதையும் மருத்துவமென ஒப்பாதவர். அய்யாவுவின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கருமணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கிக் கிடக்கு. ஒரு வேளைச் சோத்து விரதம், களைப்பாக்கும். அது கிடக்கட்டும். கடைசியா இவரில கை வைச்சது ஆர்?"

"சதாசிவம்தான்!" என்றார் கோயில் தலைவர், கங்காணி மணியம். கனத்த உடலும் கனத்த குரலும் உடையவர். "ஒரு மணிக்கு வந்து கழுத்தைப் புடிச்சு முறுக்கிட்டுப் போனான். நரம்பை அறுத்துட்டான். இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், சிங்கப்பூர் மேளம் வைப்போம்னு. எவன் கேட்டான்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வாயிலில் சதாசிவம் நின்றிருந்தார்.

நாற்பது வயது, மெலிந்த உடல், அகன்ற உள்ளங்கை. தந்தை வழியில், உடம்பைப் பிடித்துவிட்டு நோய் தீர்க்கும் தொக்கணம் பயின்றவர். பெரும்போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்கான சிங்கப்பூர் மருத்துவமனையொன்றில் ஏவலராக இருந்து, செயலிழந்த கைகால்களுக்கு எப்பயிற்சி எவ்வாறு உயிரூட்டும் என்பதைக் கண்ணால் கற்றவர். உடம்பின் இருபுறத்து நரம்பும் துலாக்கோலின் இரு தட்டுகள் என்பது அவர் கொள்கை; ஒன்று தாழ்ந்தால் வலி, இரண்டும் ஒத்தால் வலிமை. கத்தி பிடித்து மரத்துப்போன விரல்களோடு அவரிடம் வந்தவர்கள் மறுவாரம் மரத்தடிக்குத் திரும்பினர். அய்யாவுவின் தோள்வலி நீங்கி, விரலோட்டம் இரட்டித்தது அந்தக் கைகளால்தான்.

"நீர் என்ன செய்தனீர்? உள்ளதைச் சொல்லும்," என்றார் டிரசர்.

"கழுத்து, தோள்பட்டை. அதுக்குக் கீழ தொடலைங்க ஐயா."

"கழுத்து நரம்பு நசிஞ்சால் கை விழும். அது எனக்குத் தெரியும். உம்மட பிழைதான் எண்டால் நான் துரைக்கு எழுதத்தான் வேணும். பொழுதுபடுமுன்னம் நீர் தோட்டத்தை விட்டுப் போகவேண்டி வரும். இனி ஒருத்தரும் உம்மட கையை நம்பித் தோளைத் தரமாட்டினம்."

சதாசிவத்தின் முகம் மாறவில்லை. "என் கை தொட்ட இடம் எனக்குத் தெரியும். தொடாத இடமும் தெரியும். கொடியேற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள சொல்லலைன்னா, நீங்க எழுத வேணாம். நானே போயிடுறேன்."

டிரசர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. எனக்கு முன்னால செய்யும்." பின் மணியத்திடம் திரும்பி, "உம்மட இருமல் எப்படி? நிண்டுட்டுதோ?" என்றார்.

"எந்த... ஆங், அதுங்களா? ஒரே நாள்ல போயிடுச்சுங்க."

நான்கு நாற்பது.

"அய்யாவு, முழங்கையை மடக்குங்க. இப்ப என் கையைத் தள்ளி நீட்டுங்க. பலமா!"

நீட்டிய வேகத்தில் சதாசிவம் ஓரடி பின்வாங்கினார். அவர் இதழில் ஒரு சிறு முறுவல் தோன்றி மறைந்தது. மயிலிறகொன்றை எடுத்து, கண்களை மூடச் சொல்லி, கையின் பல இடங்களை வருடினார். கழுத்தில் உணர்வு இருந்தது, தோளில் இருந்தது, உள்ளங்கையிலும் இருந்தது. புறங்கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மட்டும் அய்யாவு ஒன்றும் உணரவில்லை.

சதாசிவம் அவரை எழுப்பி வெளிச்சத்தில் நிறுத்தினார். எண்ணெய் பூசிய முதுகு வழவழவென்று ஒரு வரியும் இன்றி இருந்தது. வலது மேற்கையின் பின்புறத்தில் மட்டும் சாய்ந்த இரட்டைக் கோடுகள் செக்கச்செவேலெனப் பதிந்திருந்தன.

"உங்க தவில் எங்க?"

"தோ, அந்த மூலையில."

தவில், ஈரச் சிமெண்டுத் தரையில் ஒரு தோல்முகத்தின்மேல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பானகம் இருந்த சொம்பு காலியாகக் கிடந்தது. சதாசிவம் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார், தொடவில்லை.

"தூங்குறதுக்கு முன்னால என்ன செஞ்சுகிட்டு இருந்தீங்க?"

"நீங்க போனதும் இலை மூடி வச்சிருந்த பானகத்தைக் குடிச்சேன். சுக்கு தூக்கலா, கொஞ்சம் கசந்துச்சு. அப்புறம் தவிலை எதிர்ல படுக்கப்போட்டு வாரை இறுக்கினேன். அதுக்கப்புறம்... ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஐந்து மணி.

முதலில் அய்யாவுவின் மனைவி செல்வராணி. ஒன்றரை மணி முதல் வாத்திய அறைக்கு எதிரே மண்டபத்தில் பூத்தொடுத்தவள்.

"யார் யார் உள்ள போனாங்க?"

"ரெண்டரைக்குக் காளி வந்தான். கதவிடுக்குல கைய விட்டு எதையோ எடுத்துக்கிட்டு ஓடுனான். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்ன தலைவர் போனாரு. வேற ஒரு காக்கா குருவி போகல."

"நீ போகலையா, தங்கச்சி?"

"விரதக்காரர் தூங்கறப்ப நான் எதுக்குப் போறேன்?" அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள்; குரல் மாறியது. "எந்தப் பாவி தவிலை இப்பிடி நட்டு வச்சது? மழைக்காலத்துல தோலு தரைல பட்டா எங்க வீட்ல யாருக்கும் அன்னிக்குச் சோறு எறங்காது. போன வருசம் நான் கூட்டுறப்ப ஒருக்கா இப்பிடி வச்சிட்டு, நாலு நாள் இந்த மனுசன் எங்கூடப் பேசல!"

அடுத்து காளியப்பன்.

"ரெண்டரைக்கு எதுக்கு வந்தே?"

"என் தவில் குச்சி கதவுக்குப் பின்னால இருந்துச்சுண்ணே. எடுத்தேன், போனேன்."

"உள்ள பாத்தியா?"

"வெளிச்சத்துலருந்து வந்தவனுக்கு உள்ள என்ன தெரியும்? குறட்டை கேட்டுச்சு."

"அய்யாவு வாசிக்கலைன்னா முதல் தவில் நீதானே?" என்று மணியம் குறுக்கிட்டார்.

காளியப்பன் அவரை நேராக நோக்கினான். "அவரு பக்கத்துல ரெண்டாவதா ஒக்காரத்தான் நான் எட்டு வருசம் கத்துக்கிட்டேன். மொதல்ல ஒக்கார இன்னும் எட்டு வருசம் ஆவும் தலைவரே."

இறுதியாக மணியம்.

"நான் கொடித்துணி எடுக்கப் போனேன். பாயில நிம்மதியாத் தூங்கினான்."

"எப்பிடிப் படுத்திருந்தாரு?"

"மல்லாக்க. நல்லாத்தான் இருந்தான். உன் வேலை அதுக்குள்ள நடந்துகிட்டு இருந்திருக்கு."

"நன்றிங்க தலைவரே," என்றார் சதாசிவம். "இது போதும்."

ஐந்து முப்பது.

மண்டபத்தில் அனைவரும் கூடினர். சதாசிவம் அய்யாவுவின் தொங்கிய கையைத் தம் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"டிரசர் ஐயா, கழுத்துல நரம்பு நசிஞ்சா முழங்கையை நீட்டுற பலமும் குறையணும். இவரு என்னையே தள்ளினாரு. நீங்க பாத்தீங்க."

அம்பிகைபாகன் புருவத்தை உயர்த்தினார். "பார்த்தனான். உண்மைதான். அப்ப நசிவு அதுக்குக் கீழ."

"மேற்கை எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு இறங்குது. மணிக்கட்டைத் தூக்குறது அதுதான். அந்த இடத்துல கெட்டியான பொருள் ரெண்டு மணி நேரம் அழுத்தினா, கை இப்பிடித்தான் விழும். போர்க் காலத்துல, நாற்காலிக் கைப்பிடியில சாய்ஞ்சு தூங்கின சிப்பாய்ங்ககிட்ட பாத்திருக்கேன். இந்தக் கோட்டைப் பாருங்க."

டிரசர் குனிந்து பார்த்தார்.

"சாய்ஞ்ச இரட்டைக் கோடு. பாய்க்கு இப்பிடி வரி இல்ல. தவில் வாருக்குத்தான் உண்டு. இவரு தவில் மேலயே சரிஞ்சு தூங்கியிருக்காரு. சட்டை போடாத விரதக்காரர். பாயில அவ்வளவு நேரம் மல்லாந்து கிடந்திருந்தா முதுகு முழுக்கக் கோரை வரி இருக்கணும். ஒண்ணுகூட இல்ல. அப்ப, எழுப்புறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் யாரோ தவிலை உருவி, இவரைப் பாயில படுக்க வச்சிருக்காங்க."

"அவ்வளவுக்கும் முழிக்கேல்லையே?" என்றார் டிரசர்.

"கண்ணோட கருமணி ஊசிமுனையாச் சுருங்கியிருக்குன்னு சொன்னீங்க. களைப்புல அப்பிடிச் சுருங்குமா, ஐயா?"

டிரசரின் முகம் வெளுத்தது. "இல்லை. அபின்... அபினுக்குத்தான் சுருங்கும்."

"வெறும் வயிறு, கசந்த பானகம். அபின் சேர்ந்த மருந்து இந்தத் தோட்டத்துல எங்க கிடைக்கும்?"

"என்ர இருமல் மருந்தில இருக்கு." அம்பிகைபாகன் மெல்லத் திரும்பினார். "நேற்று ஒரு போத்தல் குடுத்தனான். ஒருத்தருக்கு மட்டும். இருமலே இல்லாத ஒருத்தருக்கு."

கூட்டம் மணியத்தின் பக்கம் திரும்பியது.

"அலமாக்! நான் ஏன்... காளியப்பனும்தானே வந்தான்!" என்றார் மணியம்.

"வந்தான்," என்றார் சதாசிவம். "ஆனா தவிலை எடுத்தவன் அதைத் தோல் மேல நட்டு வச்சிருக்கான், ஈரத் தரையில. தவில்காரன் கனவுலகூட அப்பிடி வைக்கமாட்டான், படுக்கத்தான் வைப்பான். அதுக்காக நாலு நாள் பேச்சு நின்ன வீட்டுப் பொண்ணும் வைக்கமாட்டா. அந்த அறைக்குப் போனவங்கள்ல தவிலைத் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான். மல்லாக்கக் கிடந்ததைச் சொன்னவரும் நீங்கதான், தலைவரே."

மணியத்தின் கனத்த உடல் தளர்ந்து தூணில் சாய்ந்தது.

"மத்தியானத்துக்கு முன்னாலேயே பானகத்துல அந்த மருந்தைக் கலந்தேன், தூங்கட்டும்னுதான்," என்றார். "கொடியேத்தத்துக்குத் தூங்கிட்டான்னு பேரு வரட்டும், கூட்டம் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பட்டும்னு. பதினெட்டு வருசம் பட்டணத்து மேளத்துக்கு முன்னால நடந்தவன் நான். மரம் சீவற கைக்கு முன்னால எப்பிடி நடப்பேன்னு... உள்ள போய்ப் பாத்தா, கை தவில் மேல நசுங்கிக் கிடந்துச்சு. கண்ணு பொறுக்கல. தூக்கிப் படுக்க வச்சேன். கை போகும்னு சத்தியமாத் தெரியாது. போயிடுச்சுன்னு பாத்ததும், பயத்துல சதாசிவம் மேல பழியப் போட்டேன்."

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்றார் டிரசர்.

அய்யாவு சதாசிவத்தை நோக்கினார். "கை வருமா, வைத்தியரே?"

"நரம்பு அறுந்துபோகல; அழுந்தியிருக்கு. வரும். ஆனா மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டணும். நாளுக்கு மூணு வேளை, வேளைக்கு இருநூறு தரம் யாராவது இதைத் தூக்கித் தூக்கி இறக்கணும். மறந்துபோன வழியை நரம்புக்கு நினைவுபடுத்தணும்."

அய்யாவு மணியத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப பொலிசு வேணாம். தலைவர் தூக்கட்டும். உங்க வைத்தியப் பட்டறையில காத்திருக்கிற ஆளுங்களுக்கு எதிர்ல உக்காந்து தூக்கட்டும்."

"ஒருக்காக் கொறைஞ்சாலும் நான் எண்ணிப்புடுவேன்!" என்றாள் செல்வராணி.

அம்பிகைபாகன் சதாசிவத்தின் முன் வந்து நின்றார். "என்ர மருந்து, என்ர கண்ணுக்கு முன்னால கிடந்த அடையாளம். நான் காணேல்லை, நீர் கண்டனீர்." பிறகு தொங்கிய கையைத் தொட்டுப் பார்த்தார். "மணிக்கட்டை நிமிர்த்திக் கட்ட மட்டைப்பலகை நான் செய்து தாறன். நீர் அளவைச் சொல்லும்."

மணி ஆறு. காளியப்பனின் தவில் முழங்கக் கொடி ஏறியது. அதன்பின் கூட்டம் கூடி, தலைவர் பொறுப்பிலிருந்து மணியத்தை நீக்கியது.

மூன்றாம் நாள் விரல்கள் துடித்தன. ஏழாம் நாள் மணிக்கட்டு ஒரு விரற்கடை தானே எழுந்தது. அதைக் கண்டு முதலில் கூவியவர் மணியம்தான்.

பத்தாம் நாள் காலை, தேரின் முன் அய்யாவு அமர்ந்தார். முழு வாசிப்பும் காளியப்பனுடையது. எனினும் வடம் இழுபடும் அக்கணத்தில் அய்யாவு மட்டைப்பலகையை அவிழ்த்தார், விரல்களில் தவில் வாசிக்கும் கூடுகளை மாட்டினார், வலக்கையை உயர்த்தினார். மணிக்கட்டு எழுந்தது. முதல் முழக்கம் பால்மரக் காடெங்கும் உருண்டு சென்று லம்பாக் மலையில் மோதித் திரும்பியது. தேர் நகர்ந்தது. மரம் சீவும் கைகள் நானூறு வடத்தைப் பற்றியிருந்தன. ஒவ்வொரு முகத்திலும் அந்த முழக்கம் தன்னுடையதே என்னும் நிமிர்வு இருந்தது. மணியம் தேருக்கு முன்னே நடக்கவில்லை. வடத்தைப் பற்றி, கூட்டத்தில் ஒருவராக இழுத்தார்.

நிலைக்குத் திரும்பிய தேரடியில் கூட்டம் கலைந்த பின், சதாசிவம் கைகளைக் கழுவினார். டிரசர் இழைத்துத் தந்த அச்சிறு மட்டைப்பலகையை எடுத்துத் தேர்ச்சக்கரத்தடியில் வைத்து, அதன்மேல் ஒரு செவ்வரளிப் பூவை இட்டார். பத்து விரல்களாலும் சக்கரத்தைத் தொட்டு, கண்மூடி நின்றார்.

உழைக்கும் கைகள் ஓங்குக. ஓய்ந்த கைகள் மீண்டும் எழுக. தொட்டு நோய் தீர்க்கும் கைகள் தழைக்க. வேலேந்திய கை அவை அனைத்தையும் காக்க.