பாதி அழுத்திய பட்டன்

பட்டனைப் பாதி அழுத்தியதும் கேமரா திரையில் பச்சைக் கட்டம் தோன்றியது. ஆனால் அது தலையில்லாத பொம்மைக்கு உடுத்தியிருந்த அரக்குப் புடவைமேல் நிற்காமல், அறையின் வெறும் மூலைக்கு நகர்ந்து, இடுப்புயரத்தில் நின்றது. முகம் தெரிந்தால் மட்டுமே வரும் கட்டம் அது.

கலையரசி விரலை எடுத்தாள்.

“என்னாக்கா, பட்டன் மக்கர் பண்ணுதா?” என்றான் கடைக்காரன் முனிரத்தினம்.

“இல்லப்பா. பட்டன் நல்லாத்தான் இருக்குது.”

“அப்ப எடுத்துக்கினு இருங்க. கீழ பார்ட்டி வந்துக்கிறாங்க, பாத்துட்டு வந்துடறேன்.”

அவன் இறங்கிப்போனதும், பக்கத்துத் தெருவின் தறிச் சத்தமும் மழைக்கு முந்தைய புழுக்கமும் புதுப்பட்டின் வாசனையும் அந்த மாடியறையில் அவளோடு தங்கின. எட்டு மாதம் பீரோவில் கிடந்த கேமராவை இன்றுதான் கையில் எடுத்திருந்தாள். விரலுக்குப் பழகிய பட்டன்; பாதியில் மெல்லத் தடுக்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் க்ளிக். ஒருநாளும் ஏமாற்றியதில்லை. வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரையில் கல்யாண ஜோடியைப் படமெடுத்த அன்றும் ஏமாற்றவில்லை. அன்று எடுத்த படங்களையெல்லாம் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இங்க பாரேன்” என்று மகள் இரண்டு முறை கூப்பிட்டாள். “இரு பொன்னி” என்றாள், தலை நிமிராமல். நிமிர்ந்தபோது மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பொன்னிக்கு ஆறு வயது.

மறுபடி பாதி அழுத்தினாள். கட்டம் இப்போது புடவைக்குப் பக்கத்தில். முழுதாக அழுத்தினாள். படத்தில் புடவை, சுவர், தரை. தரையில் ஈரக் காலடிகள்.

நிமிர்ந்தாள். தரை காய்ந்திருந்தது. ஆற்றுச்சேற்று வாடை மட்டும் அடித்தது.

கீழே ஓடிவிடலாம். பேட்டரியைக் கழற்றிவிடலாம். கட்டைவிரல் அழிக்கும் பட்டனில் போய் நின்றது. அழுத்த முடியவில்லை. அன்றைக்குப் பார்க்கவில்லை. இன்றைக்காவது.

“பொன்னி... அம்மா பாத்துக்கினுதான் இருக்கறேன்மா. வா.”

க்ளிக். கட்டம் பெரிதானது.

க்ளிக். இன்னும் பெரிது.

க்ளிக். கட்டம் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு.

கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். எதிரே யாருமில்லை. லென்ஸ் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சின்ன வட்டம். சுருங்கியது. படர்ந்தது. சுருங்கியது.

கலையரசி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடியில் அது நிற்கவில்லை.