தள்ளிய சிப்பாய்கள்

"சிரிக்காதீங்க!"

தயாமி சட்டென்று திரும்பினாள். அவன் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் கண்கள்... அவை மட்டும் அடங்க மாட்டேன் என்றன. கோபம் வந்ததா, கூச்சம் வந்ததா... அவளுக்கே தெரியவில்லை.

சாந்தா கிளாரா பல்கலைக்கழகக் கூடத்தில் கணினிகளுக்கிடையே சதுரங்கப் போட்டி. மனிதர்களுக்கு ஒரே வேலைதான். தன் கணினி சொன்னதைப் பலகையில் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். தயாமி எழுதிய 'தேன்சிட்டு' என்ற சதுரங்க நிரல் காலையில் ஒரு குதிரையை ஆசையாய் வெட்டிவிட்டு, அடுத்த நகர்த்தலிலேயே ராணியைப் பறிகொடுத்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு. இனி மாலையில் கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் ஆய்வுக்கூடத் தலைவி மிர்த்தா அவள் கணினியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். எதிராளி யார் தெரியுமா? சிரித்தானே, அதே ஒஸ்னியல்தான்!

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போயிற்று. எல்லோரும் வராந்தாவில் காப்பிக்கு ஒதுங்கினார்கள். ஒஸ்னியல் அவளிடம் ஒரு சின்னக் கோப்பையை நீட்டினான்.

"சண்டை போடறதுன்னாலும் சூடா போடுங்க."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"என் ஆமையும் முன்னாடி இப்படித்தான் ஏமாந்துச்சு. அந்த ஞாபகம்..."

ஆமை என்பது அவன் எழுதிய நிரல்.

"என் தேன்சிட்டு உங்க ஆமையை விட ரொம்ப தூரம் பாக்கும், தெரியுமா?"

"பாக்குது. ஆனா சண்டை நடுவுல நின்னு கணக்குப் போடுதே! குதிரை கிடைச்சுது, லாபம்னு நின்னுடுது. திருப்பி வெட்டறவன் அடுத்த நகர்த்தல்ல காத்திருக்கான். வெட்டு ஓயற வரைக்கும் தேடட்டும்... அப்புறம் மதிப்புப் போடட்டும்."

தயாமிக்குச் சுருக்கென்றது. எதிராளி சொல்லி நான் கேட்பதா?

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள், அது வேறு விஷயம். பிறகு மூலையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அவன் சொன்னதையே எழுதினாள். ரோஷம் பார்த்தால் தேன்சிட்டு போய்விடுமே!

மின்சாரம் வந்தது. ஆட்டம் ஆரம்பித்தது. பாதியில் மறுபடியும் ஒரு குதிரை, வா வா என்று நின்றது. தேன்சிட்டு யோசித்தது... யோசித்தது... தொடவில்லை! தயாமிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆமை ஏனோ ஒவ்வொரு சிப்பாயாய்த் தள்ளிப் பலி கொடுக்க ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு அதுக்கு?" தயாமி கேட்டாள்.

"ராஜா மாட்டப்போறது தெரிஞ்சுபோச்சு. தடுக்க வழியில்ல. அதான் சிப்பாயைக் குடுத்துக் குடுத்து, கெட்ட சேதியைத் தன் பார்வைக்கு அந்தப் பக்கம் தள்ளுது. கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு நினைப்பு, பாவம்."

சிப்பாய்கள் தீர்ந்தன. ராஜா மாட்டியது. அப்பாடா! தயாமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கூடத்தின் கோடியிலிருந்து மிர்த்தா கைதட்டினார்.

வாசலில் அவனை மடக்கினாள். "ஜெயிக்க வேண்டியவர் நீங்க. எதுக்கு எனக்குச் சொன்னீங்க?"

"மழை விட்டுடுச்சு போல..."

"கேட்டதுக்குப் பதில்?"

"எங்க ஊர் ஒல்கினுக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சு... கொய்யா பேஸ்ட்ரி சாப்பிடறீங்களா? குடை கொண்டு வந்தீங்களா?"

தயாமி சிரித்துவிட்டாள். "போதும் ஒஸ்னியல்! எத்தனை சிப்பாயைத் தள்ளினாலும் அந்தச் சேதி அங்கேயேதான் நிக்கும்."

அவன் காது மடல் சிவந்தது. "கெட்ட சேதியா ஆயிடுமோன்னு பயம்..."

"சொன்னாத்தானே தெரியும்?"

"காலையில... அந்தப் பழைய ஞாபகம்லாம் பொய். உங்களைப் பார்த்தேன், முகம் தானா சிரிச்சுது. நீங்க தோத்து அழுதா என்னால பாத்துட்டு இருக்க முடியாது தயாமி. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்துகொண்டிருந்தது. தயாமியின் மார்பிலிருந்து காலை முதல் அழுத்திய பாரம் இறங்கியது.

"அடுத்த பஸ் எப்ப?"

"நாளைக்குக் காலையில..."

"அப்ப நீங்க தள்ளினதுல ஒரே ஒரு சிப்பாயை எடுத்துக்கறேன். அந்தக் கொய்யா பேஸ்ட்ரி." கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும்... உங்களைப் பிடிச்சிருக்கு."