மூன்றாவது விசா

இரண்டு பாஸ்போர்ட் கொடுத்த இடத்தில் மூன்று விசா வந்திருந்தது.

டைப்பிங் சென்டரில் ஷம்சியா மூன்று தாள்களையும் மேசையில் தட்டி அடுக்கி நீட்டினாள். கீழக்கரைப் பெண். துபாயை அடுத்த இந்த அல் ஐனில் விசாவுக்கு அலைகிற தமிழர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் விண்ணப்பம் அடித்துக் கொடுப்பாள். அவள் தப்பு விட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாலகுரு முதல் தாளைப் பார்த்தான். அவன் மனைவி அகிலா. அடுத்தது மகள் ஹர்ஷினி, ஐந்து வயது, ஸ்டுடியோவில் அழுதுவிட்டுப் படமெடுத்த கண்கள். மூன்றாவது தாளில் உறவுமுறை தம்பி என்று போட்டிருந்தது. அதிலிருந்த முகத்தைப் பார்த்ததும் அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"இது யாரோடதுங்க? எனக்குத் தம்பியே கிடையாதே?"

"நீங்க அனுப்புனதுதானே சார். மூணு காப்பியும் ஒண்ணா வந்துச்சு. மூணாவது என் தம்பியோடது, அவனையும் சேர்த்துக்கங்கன்னு நீங்கதானே வாய்ஸ் மெசேஜும் போட்டீங்க?" ஷம்சியா சிரித்தாள். "பல்லு தந்தியடிக்கப் பேசுனீங்க. ஏசியைக் குறைச்சு வைங்கன்னு நான்கூடச் சொன்னேனே."

அந்த மெசேஜைப் போட்டுக் காட்டட்டுமா என்றாள். வேண்டாம் என்றான்.

"இதை மட்டும் கேன்சல் பண்ணிடுங்க."

அவள் விசைப்பலகையில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"முடியாது சார். ஆள் உள்ள வந்தாச்சே. முந்தாநாளே என்ட்ரி ஆயிருக்கு."

வெளியே ஜூலை மாதத்து மத்தியான வெயில் நாற்பத்தேழு டிகிரி காய்ந்தது. பேரீச்சை மரங்கள் அசையாமல் நின்றன, தார் ரோட்டிலிருந்து எழுந்த காந்தல் நாசியில் ஏறியது, நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடிகள் கண்ணைக் குத்தின. பாலகுரு நிழலுக்குப் போகாமல் வெயிலிலேயே நின்றான். அவனுடைய விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

எட்டு வருடமாக ஒரு சிமெண்ட் கல் கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் யாருக்கு? மச்சினன் கல்யாணத்துக்கு, குலதெய்வத்துக்கு, பத்திர ஆபீசுக்கு, அகிலாவின் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு. கல்ஃபிலிருந்து வந்தவனை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போவார்களே தவிர, உனக்கு என்னய்யா வேண்டும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. போன ஜனவரியில்தான் அவன் அந்த வேலையைச் செய்தான். இந்தத் தடவை முப்பது நாள்தான் லீவு என்று அகிலாவிடம் சொல்லிவிட்டு, முதல் பத்து நாளைத் திருடிக்கொண்டு, ஒரு பையை முதுகில் மாட்டி டெல்லியில் இறங்கினான்.

இமாச்சலத்தில் பஸ் கடைசியாக வந்து திரும்புகிற மலையூர் அது. மலையேற வருகிறவர்கள் தங்கும் ஹாஸ்டலில் இரும்பு அடுக்குக் கட்டில்தான். கம்பெனி கேம்ப்பில் எட்டு வருடம் படுத்த அதே கட்டிலில் படுக்க இவ்வளவு தூரமா வந்தோம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. விறகடுப்பைச் சுற்றி ஈரக் கம்பளிச் சாக்ஸ்கள் காய்கிற வாடையில், திருச்சிக்கார உஸைரும் விருதுநகர்ப் பையன் மணிகண்டனும் நான்கு நாளில் அவனுக்குக் கூடப் பிறந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். மணிகண்டன் இருந்த வேலையை விட்டுவிட்டுச் சுற்ற வந்தவன். மூன்றாம் நாளே கேட்டுவிட்டான்.

"அண்ணே, அங்கிட்டு எனக்கு ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்கண்ணே."

லீவில் வந்த கல்ஃப்காரன் எல்லோருக்கும் வைத்திருக்கிற பதில் ஒன்று உண்டு. பாஸ்போர்ட் காப்பி அனுப்பு, பார்த்துக்கலாம். பேச்சை முடிக்கிற பதில் அது. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அது தெரியும். மணிகண்டனுக்கு மட்டும் தெரியவில்லை. அடுப்பருகில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிட்டான்.

ஐந்தாம் நாள் உஸைர் காய்ச்சலில் ஊருக்குத் திரும்பிவிட, மறுநாள் இவர்கள் இருவர் மட்டும் கணவாய்க்கு ஏறினார்கள். பனி பிடித்துக்கொண்டது. மணிகண்டன் சறுக்கி விழுந்து கால் உடைந்தது. ஆடு மேய்ப்பவர்களின் கல்குடிசை ஒன்றில் அவனை இழுத்துப் போட்டு, காலுக்குத் துண்டால் கட்டுப் போட்டு, ஆள் கூட்டிவரக் கீழே இறங்கினான் பாலகுரு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே போலீஸ் சாவடி. உள்ளே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சொன்னால் பெயர் எழுதுவார்கள். வீட்டு விலாசம் கேட்பார்கள். இன்னும் இரண்டு நாளில் கோயம்புத்தூர் விமான நிலையத்தில், துபாயிலிருந்து வருகிறவனை அழைக்க அகிலா குழந்தையோடு வந்து நிற்பாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. யாராவது அந்தப் பக்கம் போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கேவலம், அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

பிறகு உஸைர் மணியைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேட்டபோது, அவன் மேலே ஏறுவதற்கு முன்பே நான் ஊருக்கு இறங்கிவிட்டேனே என்று எழுதினான். அதற்குப் பிறகு உஸைரின் எண்ணை அவன் தொடவில்லை. இப்போது வெயிலில் நின்றபடி அதைத்தான் அழுத்தினான். பையன் எப்படியோ பிழைத்து வந்துவிட்டான் என்று ஒரு நப்பாசை.

"ப்ரோ, மணி எங்க இருக்கான்னு..."

எதிர்முனையில் உஸைர் இடைமறித்தான்.

"உங்களுக்குத் தெரியாதா ப்ரோ? பனி உருகினதும் போன மாசம் ஆடு மேய்க்கிறவங்க பாத்தாங்க. அவன் அப்பாவோட நான்தான் போனேன். உக்காந்தமேனிக்கு இருந்தான், வாசலையே பாத்துக்கிட்டு." உஸைரின் குரல் மாறியது. "கால்ல துண்டால கட்டுப் போட்டிருந்துச்சு ப்ரோ. தனியாப் போனவனுக்கு யாரு கட்டுப் போட்டது?"

பாலகுரு போனை அணைத்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது கட்டடக் காவலாளி எழுந்து நின்று, பல் தெரியச் சிரித்தான். "பாய், துமாரா சோட்டா பாய் ஆயா. சாபி தே தியா." தம்பி வந்தான், சாவியைக் கொடுத்துவிட்டேன் என்கிறான். எப்போது என்று கேட்டான். முந்தாநாளாம். காவலாளியே சொன்னான், பாவம், நொண்டி நொண்டி ஏறினான் என்று.

இரண்டு நாளாகப் பாலகுரு கம்பெனி கேம்ப்பில்தான் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டைத் திறந்தான். அகிலாவுக்காக ஆசை ஆசையாகப் பிடித்த ஒற்றை அறையும் சமையலறையும். ஏசி அணைந்திருந்தது, இருந்தும் தரை ஓடு பாதத்தைக் கடித்தது. புது பெயிண்ட் வாசனைக்கு அடியில் விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த பழைய வாடை ஒன்று தங்கியிருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்தால், வெயிலில் கொதிக்கும் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர், கை மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்று கொட்டியது. யாரும் இல்லை. குளியலறையில் பார்த்தான். அலமாரியில் பார்த்தான். உறை பிரிக்காத புது மெத்தையில், சுவரோரமாக, ஒருவன் நெடுநேரம் உட்கார்ந்த பள்ளம். தொட்டான். ஈரம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். அப்போதுதான் அகிலா அழைத்தாள்.

"ஏனுங்க, பெட்டி கட்டியாச்சுங்க. முருங்கைக்கீரைப் பொடி எடுத்து வெச்சிருக்கேன், அங்க ஏர்போர்ட்டுல புடிப்பாங்களா?" பின்னால் ஹர்ஷினி கத்திக்கொண்டிருந்தாள். "உங்க புள்ள இன்னிக்குச் சோறே உங்கல. அப்பா ஊட்டுல போய் உங்கறேன்னு அடம். எட்டு வருசம் ஆச்சுங்க, நாளைக்கு இந்நேரம் நம்ம ஊட்டுல இருப்போம்."

வராதே. அந்த ஒரு சொல்தான். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் மணிகண்டன் வருவான், மணிகண்டன் வந்தால் மலை வரும், மலை வந்தால் அந்தப் பத்து நாள் வரும். எட்டு வருடமாகப் பெரும்பாலும் போனிலேயே குடும்பம் நடத்தியவள், பத்து நாளை மன்னிப்பாளா? குடிசையில் விட்டுவிட்டு வந்ததை மன்னிப்பாளா?

"பத்திரமா வாங்க," என்றான்.

"போங்க, நீங்க ஏர்போர்ட்டுக்கு நேரத்துலயே வந்துருங்க," என்று சிரித்தாள்.

வீட்டைப் பூட்டி, கேம்ப்பில் போய்ப் படுத்தான். காலையில் கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு துபாய்க்குக் கிளம்பினான். அவர்களை நேராக அந்த வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. பர் துபாயில் ஒரு லாட்ஜில் நான்கு நாள் வைத்திருக்கலாம், வேறு வீடு பார்க்கலாம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வழியில் ஒரு லாரி கவிழ்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது விமானம் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவர்கள் அங்கே இல்லை. அடுத்த விமானத்துக் கூட்டம் வெளியே வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அகிலாவின் ஊர் நம்பர் அணைந்திருந்தது. தகவல் மேசைப் பெண் பட்டியலைப் பார்த்து, இருவரும் எப்போதோ வெளியேறிவிட்டார்கள் என்றாள். ஒவ்வொரு சேலையையும் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துப் பார்த்து அவன் கண் எரிந்தது.

போன் அடித்தது. திரையில் மணிகண்டன் பெயர்.

"ஏனுங்க." அகிலா. "எங்க நின்னுட்டீங்க? உங்க தம்பி வந்து கூட்டிட்டு வந்துட்டாருங்க. ஊட்டுக்கே வந்தாச்சு."

"அகிலா, புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே வா."

"புள்ள அவர் மடியில தூங்கிட்டாளுங்க. ரொம்பக் குளுருது இங்க." அவள் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன, தூக்கத்தில் பேசுகிறவளைப் போல. "எந்திரிக்கவே முடியலீங்க."

"அகிலா!"

லைன் வெட்டுப்பட்டது.

நூற்றைம்பது கிலோமீட்டர். எப்படி ஓட்டினான் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் செந்நிற மணல் மேடுகள் காய்ந்து கிடந்தன. திரும்பத் திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீசை அழைக்கலாம். அழைத்து என்ன சொல்வது? யாருடைய பெயரைச் சொல்வது? அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தான், பாவி.

படிகள். மூன்றாம் மாடி. வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக விழுந்து கைப்பிடிக் கம்பியைச் சுட்டது.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது.

தள்ளினான். திறந்தது.

சுவர்கள் வெள்ளையாக இருந்தன. பெயிண்ட் வெள்ளை இல்லை. பெட்டிகள் பிரிக்கப்படாமல் வாசலருகே நின்றன. எதிர்ச் சுவரோரம் மூவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன். மடியில் ஹர்ஷினி, வாய் லேசாகத் திறந்து. அவன் தோளில் சாய்ந்து அகிலா. அவள் உதடுகள் கருநீலம். கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து கணவனிடம் வந்தன.

"வந்துட்டீங்களா," என்றாள். "கதவைச் சாத்துங்க. குளுரு உள்ள வருது."

அவள் வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு வந்தது. ஹர்ஷினியின் வாயிலிருந்தும் வந்தது. சின்னதாக. நடுவில் இருந்தவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அவன் பாலகுருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை.

ஐந்தடி தூரம். உள்ளே ஒரு காலை வைக்க வேண்டும். பிள்ளையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். முதுகில் வெயில் சுட்டது. பாலகுரு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் வரவில்லை. அப்பா என்று ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். யாரும் கூப்பிடவில்லை.

ஹர்ஷினியின் மூச்சு. ஒன்று.

ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று.

அப்புறம் இல்லை.

மணிகண்டன் கம்பளியை இழுத்து, பக்குவமாக, குழந்தையின் முகத்தை மூடினான்.