முப்பத்தாறாம் படத்தின் கண்

மானின் கண்ணில் இரண்டு நிழல்கள் இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தனம் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். செங்கம் சாலையோரத்து ஸ்டுடியோவில் மதியம் மூன்று மணிக்கு மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. ஸ்கேனர் சூடேறிய பிளாஸ்டிக் வாடை அறை முழுக்க நின்றது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. அவள் கணவன் சகாதேவன் நேற்று மலையடிக் காட்டில் மிக அருகிலிருந்து எடுத்த புள்ளிமான். காலண்டர் போட்டிக்கு இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கண் ஒரு குவிந்த கண்ணாடி. எதிரே உள்ள வானம் முழுவதும் சுருங்கி அதில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். அந்தப் பொட்டு இல்லையென்றால் படத்தில் மான் செத்த மானாகத் தெரியும். கல்யாணப் படங்களில்கூட, பெண்ணின் கண் மங்கியிருந்தால் தனம் அப்படியொரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். பொட்டின் அடியில் சிறு கறுப்புப் பல் போல் தெரிவது படம் எடுக்கிறவருடைய நிழலுருவம். இங்கே குந்தியிருந்தவருக்குப் பின்னால், தூரத்தில், மெல்லிசாக இன்னொன்று நின்றது.

"ஏங்க, நேத்து கூட யாருனா வந்தாங்களா?"

பின்னால் நாற்காலியில் இருந்த சகாதேவன் சிரித்தான். "மான் கண்ணுல போயி ஆள் தேடுறியா? எனக்கு ஒரு பொண்டாட்டியே ஜாஸ்தி."

பக்கத்து வெள்ளையை நகலெடுத்து மேலே பூசிப் பார்த்தாள். பொட்டு சப்பையாகி, கண் கூழாங்கல்லாயிற்று. வேறு வழி உண்டு: அதே ஃபிலிம் ரோலில் இன்னொரு படத்தின் நல்ல கண்ணை வெட்டி இதில் ஒட்டலாம். மான் அசையாமல் நின்றிருந்தால் வெளிச்சமும் கோணமும் பொருந்தும்.

இது பதினாலாம் படம். இதற்கு முந்தியவற்றில் மான் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது, கண்ணே தெரியவில்லை. பதினாலில்தான் நிமிர்ந்திருக்கிறது. எதையோ பார்த்து.

இருபதாம் படத்தை ஸ்கேன் செய்தாள். விளக்கு நெகடிவின் அடியில் ஊர்ந்து போனது. இரண்டாவது உருவம் இப்போது தடிமனாக இருந்தது. கிட்டே வந்திருக்கிறது.

இருபத்தேழு. குந்தியிருந்தவரின் முதுகை ஒட்டி நின்றது.

முப்பத்திரண்டு. இரண்டும் ஒன்றாகியிருந்தன.

மின்விசிறியின் சத்தம் கேட்டது. பின்னால் இருந்தவன் மூச்சுவிடும் சத்தம் கேட்கவில்லை.

"நாலு மணி ஆவப்போவுது," என்றான். "பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நான் கூட்டினு வந்துடறேன்."

"வேணாங்க. நானே போறேன்."

"நீ வேலயப் பாரு தனம்."

முப்பத்தாறு. கடைசிப் படம். இரண்டு முறை தவறான இடத்தைப் பெரிதாக்கினாள். பிறகு கண் வந்தது. வெள்ளைப் பொட்டு. அதில் ஒரே உருவம்.

குந்தியிருக்கவில்லை. நின்றது. பொட்டின் அடியிலிருந்து உச்சி வரை. கையில் கேமரா இல்லை. இரண்டு கைகளும் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தது யார்?

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. திரையைக் கைகளால் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"அதுல ஒருத்தர்தானே இருக்காரு," என்றது குரல். "அந்தக் கண்ண எடுத்து வையி."

மேசையிலிருந்து மொபெட் சாவி எடுபட்டது. ஷட்டர் கிறீச்சிட்டது. "நில்லுங்க" என்றாள். உதடுதான் அசைந்தது. மகள் கவிநிலாவுக்கு ஆறு வயது. அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து மேலே ஏறிக்கொள்வாள்.

வெளியே மொபெட் கிளம்பியது.

தனத்தின் விரல்கள் பழக்கத்தில் நகர்ந்தன. முப்பத்தாறாம் படத்தின் கண்ணை வட்டமாக வெட்டி, விளிம்பை மென்மையாக்கி, பதினாலாம் படத்தில் வைத்தாள். வெளிச்சம் பொருந்தியது. கோணம் பொருந்தியது. மானின் கண்ணில் இப்போது ஒரே ஒரு நிழல், கைகளைத் தொங்கவிட்டு நின்றது.