இலக்கு விலை தொண்ணூறு ரூபாய்

"ஆஆஆ...!"

கொலெட்டின் அலறல் மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகம் வரை கேட்டிருக்கும். அந்தப் பங்குத் தரகு ஆபீஸின் வரவேற்பாளர் அவள்.

அறைக்குள்ளே எட்மோன்! ஆபீஸின் தலைமை ஆய்வாளர். மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்.

பக்கத்தில் விஸ்வம். கையில் வெண்கல டோடோ பறவைச் சிலை... எட்மோனுக்குக் கிடைத்த 'ஆண்டின் சிறந்த ஆய்வாளர்' பரிசு. அதன் அலகிலும் ரத்தம்!

"நான் இல்ல... கீழே கிடந்துது... எடுத்தேன்..."

பிணத்துக்குப் பக்கத்தில் கிடப்பதை எடுத்துப் பார்க்காத மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

1993. காலை மணி ஒன்பதே கால்.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் சாம்பசிவம் வந்தார். உள்ளூர்த் தமிழர். மனைவி ரமாமணி திருச்சிக்காரி என்பதால் வாயில் தமிழ் வரும், பிரெஞ்சு வாசனையோடு.

"மிஸ்யே விஸ்வம்! உங்களுக்கு என்ன வேலை இங்க?"

"இந்த மெஷினைச் செஞ்சவன் சார். மெட்ராஸ்."

மேசைமேல் கம்ப்யூட்டர். முதலாளி ஜான்-பியேர் அதற்கு வைத்த பெயர், 'தேவவாக்கு'! கம்பெனி பெயரைத் தட்டினால் போதும். அந்தப் பங்கைப் பற்றி ஆய்வாளர் என்ன சொல்கிறார், விலை எதுவரை ஏறும்... பச்சை எழுத்தில் சொல்லும். திறப்பு விழாவில் முதலாளி நாற்பது நிமிடம் முழங்கினார். அப்புறம் அதைத் தொட்டதே இல்லை.

முதலாளி உள்ளே வந்தார். கழுத்தில் பட்டு டை. உள்ளூர் மொழியான கிரியோலில் பொரிந்து தள்ளினார்.

"இவன்தான்! கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன்! மெஷின்ல சுயாக் தையல் மில்லுக்கு 'விற்கவும்'னு எழுதியிருந்துது. 'யாருடா என் கணிப்பை மாத்தினது?'ன்னு எட்மோன் கத்தினான். இவன் டோடோவால ஒரே அடி!"

சாம்பசிவம் விலங்கை எடுத்தார்.

"மிஸ்யே... ஆயுசு முழுக்க உள்ளதான்."

விஸ்வம் மெஷினைப் பார்த்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"சார்! அந்த மில் பேரைத் தட்டுங்க!"

தட்டினார். 'வாங்கவும். இலக்கு விலை: 90 ரூபாய்.'

"இப்ப அதை 'விற்கவும்'னு மாத்துங்க பாப்போம்!"

தட்டினார். பீப்! 'அப்படி ஒரு சொல் இல்லை.'

மறுபடி தட்டினார். பீப்!

"வாங்கவும், வைத்திருக்கவும்... இது ரெண்டுதான் சார் அதுக்குத் தெரியும்! 'இந்தத் தீவுல எல்லாக் கம்பெனியும் யாரோ ஒரு மச்சானோடது. விக்கச் சொன்னா ஞாயித்துக்கிழமை யார் வீட்டுல சாப்பிடுறது?'ன்னு இவரேதான் எடுக்கச் சொன்னார்! மெஷினுக்கு வராத வார்த்தைய இவர் எப்படிப் பாத்தார்?"

முதலாளியின் முகம் கழுவிப் போட்ட துணிபோல் வெளுத்தது. தன் தேவவாக்கிலிருந்து எதை எடுக்கச் சொன்னோம் என்பதையே அவர் மறந்திருந்தார்!

"ஜான்-பியேர்... வெளிய உக்காருங்க."

கதவைச் சாத்தினார்.

"ஏன் கொன்னாரு?"

"மில் முதலாளி இவரோட மச்சான். அமெரிக்கா ஆர்டரெல்லாம் போச்சு. நாளைக்குப் பேப்பர்ல எழுதுறேன்னு எட்மோன் நின்னாரு. இந்தாங்க, அவரோட ஃபைல்."

சாம்பசிவம் புரட்டினார். நெற்றியில் வியர்வை.

"இந்த மில்... தேறுமா?"

"செத்துப் போச்சு சார். சொல்லத்தான் ஆளில்ல."

அவர் மெதுவாக டெலிபோனை எடுத்தார்.

"ரமா? பத்தரைக்குச் சந்தை தொறக்கும். நம்மகிட்ட இருக்கிற சுயாக் மில் பங்கு மொத்தமும் வித்துடு... கேள்வி கேக்காத! ஆமா... உன் அண்ணனோடதும்!"

வைத்தார். திரும்பினார்.

க்ளிக்! விலங்கு விஸ்வத்தின் கையில்!

"சார்! நிரூபிச்சேனே!"

"வி... ஆமா, மிஸ்யே. அழகா நிரூபிச்சீங்க. இன்னிக்கு நான் முதலாளியப் புடிச்சா, ஏன்னு ஊர் கேக்கும். ஏன்னு தெரிஞ்சா என் பங்கை எவன் வாங்குவான்?"

"வித்து முடிஞ்சதும் விட்டுருவீங்களா?"

"அயோ! அப்ப முதல்ல ஏன் புடிச்சேன்னு கேப்பாங்களே!"

விஸ்வம் விலங்கோடு மெஷினைக் கட்டிக்கொண்டான்.

"விடமாட்டேன் சார்! கோர்ட்டுக்கு இந்த மெஷினையே தூக்கிட்டு வருவேன்! நீதிபதி முன்னாடி தட்டிக் காட்டுவேன்!"

சாம்பசிவம் பரிவோடு அவன் தோளைத் தட்டினார்.

"காட்டுங்க, மிஸ்யே. தாராளமா காட்டுங்க. ஆனா இந்தப் பங்கை என்னை வாங்கச் சொன்னதே அந்த நீதிபதிதான்!"